ஃபயர் எம்ப்ளம்: எதில் ஒரு உயிருக்கு விலை அதிகம்?

எதிரி கிரிட்டிகல் (வழக்கத்தைவிடப் பலமான அடி) அடிக்க 3 சதவீதம்தான் வாய்ப்பு என்று திரை சொல்கிறது. சரி, அடிக்கலாம் என்று பொத்தானை அழுத்துகிறோம். எதிரியின் கண்கள் திரையின் குறுக்கே பளிச்சிடுகின்றன. பத்துப் பதினைந்து அத்தியாயமாகப் பார்த்துப் பார்த்து வளர்த்த வைத்தியக்காரி, இரண்டு வரி பேசிவிட்டுப் போய்ச் சேர்கிறாள். அடுத்த அத்தியாயத்தில் அவள் பெயர் பட்டியலில் இருக்காது.

ஜப்பானின் இன்டலிஜென்ட் சிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஷோஸோ காகா 1990-ல் தொடங்கிய ஃபயர் எம்ப்ளம் வீடியோ கேம் தொடரின் ஆதாரமே இந்த ஒரு விதிதான். சதுரங்கம் போலக் கட்டங்கள், மாற்றி மாற்றி நகர்வுகள். ஆனால் இங்கே சிப்பாய்க்கும் பெயர் உண்டு, ஊர் உண்டு, வீட்டில் காத்திருக்கும் தங்கை உண்டு. செத்தவன் செத்தவன்தான். அந்தக் கணத்தில் ரீசெட் அடிப்பதா, இழப்பைச் சுமந்துகொண்டு மேலே போவதா என்று யோசிக்காத ஆட்டக்காரர் இந்தத் தொடரில் யாரும் இல்லை.

எந்த ஃபயர் எம்ப்ளம் சிறந்தது என்ற வாக்குவாதம் வழக்கமாகக் கதை பெரிதா, மேப் (சண்டை நடக்கும் களம்) பெரிதா என்பதில் வந்து நிற்கும். நான் பார்ப்பது, ஒரு தப்பான நகர்வுக்கு அந்த ஆட்டம் என்ன விலை கேட்கிறது, அதை எங்கே வசூலிக்கிறது என்பதை. அப்படிப் பார்த்தால் நான்கு ஆட்டங்கள் நான்கு விதமாக நிற்கின்றன: த்ராகியா 776, பாத் ஆஃப் ரேடியன்ஸ், த்ரீ ஹவுசஸ், எங்கேஜ்.

முதலில் த்ராகியா. 1999-ல் சூப்பர் ஃபாமிகாம் கன்சோலுக்கு வந்தது. காகா இந்தத் தொடருக்குச் செய்த கடைசி ஆட்டமும் இதுதான். ஆங்கிலத்தில்கூட அதிகாரபூர்வமாக வராத இதை, ரசிகர்களின் மொழிபெயர்ப்பை வைத்துத்தான் ஜப்பானுக்கு வெளியே பலரும் ஆடினோம். ஆட்டத்தின் நாயகன் இளவரசன் லீஃப் ஒரு கட்டத்தில் பிடிபட்டு மான்ஸ்டர் (Manster) என்ற ஊரின் கோட்டைச் சிறையில் கிடக்கிறான். தப்பிக்கும் அத்தியாயம் தொடங்கும்போது அவன் கையில் ஒரு கத்திகூட இல்லை. எதிரியை மடக்கிப் பிடித்து, அவன் ஆயுதத்தைப் பறித்துத்தான் முன்னேற வேண்டும். பிடிக்கும் முயற்சியில் இறங்கினால் நம் ஆளின் பலம், வேகம், தற்காப்பு எல்லாம் பாதியாகிவிடும். ஒரு இரும்பு வாளுக்காக உயிரைப் பணயம் வைப்பது எப்படி இருக்கும் என்பதை விதியிலேயே வைத்துவிட்டார்கள்.

அதைவிடக் கொடுமை வாசல். தப்பிக்கும் மேப்புகளில் ஒவ்வொருவராக வெளியேற வேண்டும், லீஃப் கடைசியில்தான் போக வேண்டும். அவன் முதலில் கால் வைத்துவிட்டால் அத்தியாயம் அங்கேயே முடிந்துவிடும். உள்ளே நின்றவர்கள் பிடிபட்டவர்கள்தான். இதைத் தெரியாமல் லீஃபை முதலில் அனுப்பி, நான்கு பேரை உள்ளே விட்ட நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. தலைவன் என்றால் கடைசியில் வெளியேறுபவன் என்று வசனம் எழுதி வைக்கத் தேவையே இல்லாமல் போய்விட்டது. களைப்புக் கணக்கு இன்னொன்று: ஒருவரையே திரும்பத் திரும்ப இறக்கினால் அவர் அசந்துபோய் அடுத்த அத்தியாயத்துக்கு வரமாட்டார். அதனால் யாரையும் ஓரமாக உட்கார வைத்து மறந்துவிட முடியாது.

இங்கே எண்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். த்ராகியாவில் அடி படும் வாய்ப்பு 90 சதவீதம் என்றால் 90 சதவீதம்தான், பத்தில் ஒரு அடி தவறும். எவ்வளவு கூடினாலும் 99-க்கு மேல் போகாது, எவ்வளவு குறைந்தாலும் 1-க்குக் கீழே இறங்காது. 2002-ல் வந்த பைண்டிங் பிளேடு ஆட்டத்திலிருந்து கணக்கை மாற்றினார்கள். இரண்டு எண்களைக் குலுக்கி எடுத்து, அவற்றின் சராசரியைத் திரையிலுள்ள எண்ணோடு ஒப்பிட்டார்கள். அதனால் திரையில் 90 என்று தெரிவது உண்மையில் 98-ஐ ஒட்டி வருகிறது. 20 என்று தெரிவது 8 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. நமக்கு அது ‘நியாயமாக’ப் படுகிறது. 90 என்றால் விழுந்துவிடும் என்றுதானே நம் மனசு எடுத்துக்கொள்கிறது! பாத் ஆஃப் ரேடியன்ஸும் த்ரீ ஹவுசஸும் இந்த வழியில் வந்தவை. த்ராகியா அந்த ஆறுதலைத் தருவதில்லை. அங்கே ஒவ்வொரு நகர்விலும் ‘இது தவறினால் அடுத்து என்ன’ என்று யோசிக்கப் பழக வேண்டியிருக்கிறது.

இந்த இறுக்கம் எல்லாருக்கும் ஒத்துவராது என்பதைப் பின்னால் வந்தவர்கள் புரிந்துகொண்டார்கள். 2010-ல் கேஷுவல் முறை வந்தது: விழுந்தவர்கள் அடுத்த அத்தியாயத்தில் எழுந்து வருவார்கள். 2012-ல் அவேகனிங். இரண்டரை லட்சம் பிரதிகள் விற்காவிட்டால் தொடரையே மூடிவிடுவதாக இருந்த நேரத்தில் வந்து, அதைக் காப்பாற்றிய ஆட்டம் அது. அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் இருவரை ஜோடி சேர்த்து நிறுத்தினால் பாதி மேப்பை அவர்களே துடைத்துவிடுவார்கள் என்பதால், இந்த ஒப்பீட்டில் அதை மேலே வைக்க முடியவில்லை. 2017-ல் வந்த எக்கோஸ், நகர்வைப் பின்னோக்கிச் சுற்றும் வசதியைக் கொண்டுவந்தது. அதன் பிறகு மரணத்தின் விலை சரிந்தது.

த்ரீ ஹவுசஸ் வந்தது 2019-ல், சுவிட்ச் கன்சோலுக்கு. இதிலும் சுற்றிப் பின்னே போகலாம், கதை நகர நகர எத்தனை முறை என்பதும் கூடிக்கொண்டே போகும். மேப்பில் ஒருவரை இழப்பது அரிதாகிவிட்டது. வாள் கோடாரியையும், கோடாரி ஈட்டியையும், ஈட்டி வாளையும் மிஞ்சும் பழைய ஆயுத முக்கோணமும் இதில் தானாக வேலை செய்யாது. பல மேப்புகள் திரும்பத் திரும்ப வருகின்றன. டிராகன் மேல் பறக்கும் வைவர்ன் படையை வளர்த்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். மேப்பை மட்டும் எடைபோட்டால் நான்கில் இதுதான் மெலிவு.

அப்படியிருந்தும் இந்த ஆட்டத்தை முடித்த இரவு நான் சரியாகத் தூங்கவில்லை. காரணம், இது விலையை வேறு இடத்தில் வசூலிக்கிறது. தொடக்கத்தில், காரெக் மாக் மடாலயத்துப் பள்ளியில் நாம் ஆசிரியர். எடெல்கார்ட், டிமிட்ரி, கிளாட் மூவரும் மூன்று வகுப்புகளுக்குத் தலைவர்கள். கொஞ்ச நேரம் பேசிப் பார்த்துவிட்டு ஒரு வகுப்பைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது ஆட்டம். அந்த நேரத்தில் அது ஒரு மெனு, அவ்வளவுதான். ஐந்து வருடக் கதை நகர்ந்த பிறகுதான், நாம் தேர்ந்தெடுக்காத பிள்ளைகளை என்ன செய்தோம் என்று தெரிகிறது.

க்ரோண்டர் சமவெளியைச் சொல்கிறேன். பள்ளிக் காலத்தில் மூன்று வகுப்புகளும் மோதும் போட்டி அங்கேதான் நடக்கும். நடுவில் ஒரு மேடு, அதன் மேல் ஒரு பெரிய விற்பொறி. எடெல்கார்டின் பிளாக் ஈகிள்ஸ் வகுப்பை எடுக்காமல் விட்டிருந்தால், அதை இயக்கிக்கொண்டு நிற்பவள் பெர்னடெட்டா. அறையை விட்டு வெளியே வரவே பயப்படும் பெண். விளையாட்டுப் போட்டிதானே, அடித்து வீழ்த்திவிட்டுச் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவோம். ஐந்து வருடம் கழித்து, டிமிட்ரி பக்கமோ கிளாட் பக்கமோ நின்று அதே சமவெளிக்குத் திரும்புகிறோம். இப்போது உண்மையான போர். அதே மேடு, அதே விற்பொறி. இடையில் நம் வகுப்புக்கு அழைத்துக்கொள்ளாமல் விட்டிருந்தால் அங்கே நிற்பவளும் அதே பெர்னடெட்டாதான். அந்த மேடு கைமாறியதும் எடெல்கார்ட் அதற்குத் தீ வைக்கச் செய்கிறாள். நேரத்தைச் சுற்றிப் பின்னே போகலாம்தான், ஆனால் அது அந்த மேப்பின் தொடக்கம் வரைக்கும்தான். வகுப்பைத் தேர்ந்தெடுத்த அந்த முதல் நாளுக்குத் திரும்பிப் போக வழியில்லை.

குறை என்றால், இன்னொரு வகுப்பின் கதையைப் பார்க்க முதலிலிருந்து ஆட வேண்டும். முதல் பாதியின் 12 அத்தியாயங்கள் கிட்டத்தட்ட ஒன்றேதான். இடையிடையே மீன் பிடிப்பது, தேநீர் கொடுப்பது, தொலைந்த பொருளை உரியவரிடம் சேர்ப்பது என்று வாரங்கள் ஓடும். முதல் முறை அந்தத் தேநீர் மேசையில்தான் பிள்ளைகள் மேல் பாசம் வருகிறது, அது இல்லாமல் க்ரோண்டர் வலிக்காது. மூன்றாவது முறை பொறுமை தீர்ந்துவிடுகிறது.

2023-ல் வந்த எங்கேஜ் நேர் எதிர். கதை பலவீனம், அதை மூடி மறைக்க ஒன்றுமில்லை. நாயகர் அலியர் தூங்கி எழுந்து, 12 மோதிரங்களைத் தேடிப் புறப்படுகிறார். மோதிரத்துக்குள் மார்த், சிகுர்ட், ஐக் என்று பழைய ஆட்டங்களின் நாயகர்கள். வசனங்கள் பல இடங்களில் குழந்தைகளுக்கு எழுதியதுபோல இருக்கின்றன. ஆனால் மேப்பில் இறங்கியதும் இந்தத் தொடரின் மிகச் சிறந்த சதுரங்கம் இதுதான் என்று தயங்காமல் சொல்வேன். ஆயுத முக்கோணம் திரும்பி வந்தது, அதுவும் பற்களோடு. சாதகமான ஆயுதத்தால் அடித்தால் எதிரி கையிலிருப்பதை நழுவவிட்டு, திருப்பி அடிக்க முடியாமல் நிற்பான். முதலில் ஒருவர் பிடியை உடைக்க, அடுத்தவர் ஆபத்தில்லாமல் முடிக்கலாம். கனமான கவசக்காரர்களிடம் இந்த வித்தை பலிக்காது, அவர்களுக்கு மந்திரக்காரரைத்தான் அனுப்ப வேண்டும். மோதிரத்தோடு ஒன்றுகலக்கும் நிலை மூன்று டர்ன் (முறை) மட்டும்தான் நீடிக்கும். சிகுர்டின் மோதிரத்தை அணிந்தவர் அந்த நேரத்தில் 5 கட்டம் கூடுதலாகப் பாய்வார். எப்போது பாய்வது, பாய்ந்தவரை யார் காப்பது? ஒவ்வொரு மேப்பிலும் இந்தக் கேள்விக்குப் புதுப் பதில் தேட வேண்டியிருக்கிறது.

எங்கேஜ் உச்சத்தைத் தொடுவது 11-ஆம் அத்தியாயத்தில். அதுவரை சேர்த்த மோதிரங்கள் அனைத்தும் ஒரே இரவில் பறிபோகின்றன. நேரத்தைத் திருப்பும் படிகமும் போய்விடுகிறது. நம் பழைய பலம் எதிரியின் விரலில் இருக்க, வெறுங்கையோடு ஓடித் தப்ப வேண்டும். பத்து அத்தியாயமாக ‘தவறினால் திருப்பிக்கொள்ளலாம்’ என்று பழகிய கை முதல் டர்னிலேயே நடுங்குகிறது. யாரைப் பின்னால் நிறுத்துவது என்று கட்டங்களை எண்ணிக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். லீஃபின் சிறை நினைவுக்கு வந்தது. 24 வருட இடைவெளியில் வந்த இரண்டு ஆட்டங்களும் கையிலிருப்பதைப் பறித்த இடத்தில்தான் என் மனசில் ஆழமாகப் பதிந்தன. எங்கேஜ் அந்தத் துணிச்சலை இன்னும் இரண்டு மூன்று முறை காட்டியிருக்கலாம்.

முதல் முறை தொடுபவர், கையில் சுவிட்ச் இருந்தால், த்ரீ ஹவுசஸில் தொடங்கலாம். கதையைவிட மூளைக்கு வேலை வேண்டும் என்பவர் நேராக எங்கேஜ், ஹார்ட் நிலையில். நேரம் குறைவாக உள்ளவர்கள் கேஷுவல் முறையில் ஆடுவதில் எந்தக் குற்றமும் இல்லை. த்ராகியாவை மட்டும் மூன்று நான்கு ஆட்டங்கள் முடித்துவிட்டுத் தொடுங்கள்.

நான்கில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் எடுப்பது பாத் ஆஃப் ரேடியன்ஸ். 2005, கேம்கியூப் கன்சோல். பழைய டிஸ்க் இன்றைக்குக் கொள்ளை விலை. சண்டைக் காட்சிகள் மெதுவாக ஓடும், எதிரியின் முறை வந்தால் தேநீர் போட்டுக்கொண்டு வந்துவிடலாம். ஜப்பானியப் பதிப்பில் இருந்த, மிகக் கடினமான மேனியாக் நிலை வெளிநாட்டுப் பதிப்பில் இல்லாததால் கொஞ்சம் சுலபமும்கூட. ஆனால் மேப்பில் வைக்கும் அடியும் கதையில் நடப்பதும் ஒன்றாக இருப்பது இதில்தான். ஓர் அத்தியாயத்தில் எதிர்ப்பக்கம் வழியை மறித்து நிற்பவர்கள் பாதிரியார்கள். வெட்டித் தள்ளினால் அனுபவப் புள்ளி கிடைக்கும். கொல்லாமல் சுற்றிப் போனால் முடிவில் போனஸ் அனுபவம், அதை விரும்பியவருக்குப் பகிர்ந்து கொடுக்கலாம். கருணைக்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் ஷினன். நாயகன் ஐக் ஒரு கூலிப்படைத் தலைவரின் மகன். அப்பா க்ரெய்ல் கொல்லப்பட்டதும் தலைமை ஐக்கின் தோளில் விழுகிறது. இந்தப் பொடியனுக்குக் கீழே வேலை செய்ய மாட்டேன் என்று படையை விட்டுப் போகிறான் வில்லாளி ஷினன். வாய்க்கொழுப்பு பிடித்தவன், யாரையும் மதிக்காதவன். ஆனால் படையிலேயே சின்னப் பையனான ரோல்ஃபுக்கு, யாருக்கும் தெரியாமல் வில் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவன் அவன்தான்.

18-ஆம் அத்தியாயத்தில் ஷினன் எதிர்ப்படையில் நிற்கிறான். அவனைத் திரும்பப் பெற ஒரே வழிதான் உண்டு. முதலில் ரோல்ஃப் அவன் பக்கத்தில் போய்ப் பேச வேண்டும். பிறகு ஐக்தான் அவனை வீழ்த்த வேண்டும். வேறு யார் அடித்து வீழ்த்தினாலும் ஷினன் செத்துப்போவான். ரோல்ஃப் பேசாமல் ஐக் வீழ்த்தினாலும் அதே கதிதான். இதை ஆட்டம் வாய்விட்டுச் சொல்வதில்லை, அந்தப் பையனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கவனித்திருந்தால் பிடிபடும். ரோல்ஃபோ இரண்டு அடி தாங்காதவன், பக்கத்தில் வந்தவனை வில்லால் திருப்பி அடிக்கவும் முடியாது. அவனை எதிரிகளுக்கு நடுவே கட்டம் கட்டமாகக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். படையின் குதிரைவீராங்கனை டைட்டானியாவை அவனுக்கு முன்னால் நிறுத்தி, அவள் குதிரைக்குப் பின்னால் அவனை ஒளித்து, ஒவ்வொரு டர்னாக நகர்ந்தேன். அவன் பேசி முடித்த அடுத்த நகர்வில் ஐக்கின் வாள் ஷினன் மேல் விழுந்தது.