டாட்டூ மேல ஒட்டுற செகண்ட் ஸ்கின் ஷீட், நம்ம காசிமேட்டு வெயிலுக்கு தாங்குமா?

டாட்டூ போட்டு முடிச்சதும் மேல ஒரு கண்ணாடி ஷீட் ஒட்டி அனுப்புறாங்கல்ல, அத காசு குடுத்து வாங்கலாமா வேணாமான்னு ஏரியா பசங்க நிறைய பேர் கேட்டுட்டே இருக்காங்க. வாங்கலாம், அதுவும் டாட்டூ போட்ட அன்னிக்கு ராத்திரிக்கு கண்டிப்பா வேணும். ஆனா கவர்ல போட்டிருக்குற மாதிரி நாலு நாள் அஞ்சு நாள் அப்படியே விடுறது வட சென்னைல ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் இருக்கவங்களுக்கு ஒத்தே வராது.

இது பாலியூரித்தேன்ங்கற மெல்லிசு பிளாஸ்டிக் ஷீட். உள்ள இருக்க ஆவி வெளிய போயிடும், வெளிய இருக்க தண்ணியும் கிருமியும் உள்ள வராது. ஆஸ்பத்திரில ட்ரிப்ஸ் ஏத்தும்போது ஊசி மேல ஒட்டுவாங்களே டெகாடெர்ம், கிட்டத்தட்ட அதே சாமான்தான். டாட்டூக்குன்னு ரோலா விக்கிறது விலை ஜாஸ்தி, சின்ன டாட்டூன்னா பெரிய மெடிக்கல்ல டெகாடெர்ம் 10க்கு 12 சென்டிமீட்டர் சைஸ் கேளுங்க. ஊசி குழாய்க்குன்னு ஓரத்துல வெட்டு விட்டது ஒண்ணு வரும், அது வேணாம், முழு ஷீட்டா பாத்து வாங்குங்க.

எனக்கு முன்கைல போட்டப்ப சாயங்காலமே ஷீட்டுக்குள்ள கருப்பா தண்ணி கோத்துக்கிச்சு, கைய சாய்ச்சா அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓடுது. வீட்டுல எல்லாரும் பதறிட்டாங்க. பயப்பட ஒண்ணுமில்ல, புண்ணுல ஊறுற நீரு, கொஞ்சம் ரத்தம், மிச்ச மை, அவ்ளோதான். ஷீட் இல்லன்னா இதெல்லாம் பெட்ஷீட்ல ஒட்டி காலைல துணிய இழுக்கும்போது உயிர் போயிருக்கும். அடுத்த நாள் ஷேர் ஆட்டோல நெரிசல்ல எத்தன பேர் கை ஒரசுனாலும் கவலையே இல்ல, இதுக்காகவே ஷீட்டுக்கு ஃபுல் மார்க் குடுப்பேன்.

பிரச்சனை அப்புறம்தான். மத்தியான வெயில்ல வேர்வை உள்ளயே தேங்கி மணிக்கட்டு பக்கம் ஓரம் தூக்கிடுச்சு. ஓரம் தூக்குனா அது மூடி இல்ல, வேர்வையும் தூசியும் உள்ள போய் தங்குற பை, அத மேல பிளாஸ்திரி போட்டு அமுக்கி வைக்காம அன்னிக்கே எடுத்துடணும். 24 மணி நேரம் நின்னாலே நம்ம ஊருக்கு போதும்னு சொல்வேன். எடுக்கும்போது மேல பிச்சு இழுக்காதீங்க, வெதுவெதுப்பான தண்ணிய ஊத்திட்டே தோலோட ஒட்டுன மாதிரி பக்கவாட்டுல இழுத்தா அழகா கழண்டு வரும். பிளாஸ்திரி ஒட்டுனாலே தோல் செவக்குதுன்னா இந்த ஷீட் உங்களுக்கு ஆகாது, ஷீட் இருந்த எடம் மட்டும் சதுரமா செவந்து அரிக்கும்.

அதுக்கப்புறம் வேலை செய்றது ஷீட் இல்ல, சோப்பு. வாசனை இல்லாத சோப்பு, நான் செட்டாஃபில் யூஸ் பண்ணேன், கைய நல்லா கழுவிட்டு விரலாலயே மெதுவா தேய்ச்சு அலசி டிஷ்யூ பேப்பர்ல ஒத்தி எடுக்கணும், வீட்டுத் துண்டு வேணவே வேணாம். வாசனை இல்லாத லோஷன் கொஞ்சூண்டு, பளபளன்னு நிக்கக்கூடாது. எங்க ஆயா கைல அந்த காலத்துல குத்துன பச்சை இன்னும் அப்படியே இருக்கு, அதனால "கண்ணு, தேங்காண்ணைல மஞ்சள கொழச்சு பூசுடா"ன்னு விடவே இல்ல. "ஆயா, ஆறட்டும், அப்புறம் எவ்ளோ வேணா பூசு"ன்னு சொல்லி வெச்சேன். பச்சைப் புண்ணு மேல வீட்டு மஞ்சள், எண்ணெய் எதுவும் வேணாம்.

ஒரு வாரம் பக்கம் வெங்காயத் தோல் மாதிரி கலர் கலரா உரியும், அரிப்பு தாங்காது, பிக்கவே கூடாது, பக்கு பேந்தா மையும் சேந்து போய் அங்க வெள்ளையா திட்டு விழுந்துடும். அரிப்புக்கு ஒரு மெடிக்கல்ல கேட்டா படர்தாமரைக்கு போடுற ஸ்டீராய்டு கிரீம எடுத்து நீட்டுறாங்க, டாக்டர் சொல்லாம அத தொடாதீங்க, புண்ணு ஆறுறதே தள்ளிப்போகும்.

ஹார்பர்ல வேலை பாக்குற தம்பிங்களுக்கு இத அழுத்தியே சொல்லணும். மேல் தோல் மூட 2-3 வாரம் ஆகும், அது வரைக்கும் கடல் தண்ணி, மீன் கழுவுன தண்ணி, ஐஸ் பெட்டி தண்ணி எதுவும் படக்கூடாது. ஷீட் இருக்குன்னு நம்பி இறங்காதீங்க, உப்புத் தண்ணில ஓரம் விட்டுடும். அமெரிக்கால டாட்டூ போட்டு அஞ்சு நாள்ல கடல்ல இறங்குன ஒருத்தருக்கு விப்ரியோங்கற கிருமி ஏறி கடைசில இறந்தே போயிட்டாரு, ஈரல் ஏற்கனவே கெட்டுப்போனவரு, 2017ல டாக்டருங்க எழுதி வெச்சிருக்காங்க. குடிக்கிற பழக்கம் இருக்கவங்க இன்னும் ஜாக்கிரதையா இருங்க. முடிஞ்சா மீன்பிடி தடைக்காலத்துல போட்டுக்கோங்க, ஏப்ரல் 15ல இருந்து 61 நாள் விசைப்படகுல கடலுக்கு போக வேணாம், புண்ணு நிம்மதியா ஆறிடும், வெயில்ல மட்டும் துணி போட்டு மூடுங்க.

செவப்பு நாளாக ஆக பரவுது, சூடா இருக்கு, சீழ் வருது, காய்ச்சல் அடிக்குதுன்னா டாட்டூ போட்ட அண்ணனுக்கு போட்டோ அனுப்பிட்டு உக்காந்திருக்காதீங்க, நேரா ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு போயிடுங்க.