கியூட்டியா, ஜிடிகேவா: மாதிரி நிரலை நம்பிப் படிப்பவருக்கு

கியூட்டி, ஜிடிகே இரண்டும் சாளரமும் பட்டனும் உள்ள செயலிகளை எழுத உதவும் நிரல் நூலகங்கள். எனக்கு வகுப்பு கிடையாது, சொல்லித்தர ஆள் கிடையாது. ஆவணத்தையும் மாதிரி நிரலையும் வைத்துக்கொண்டுதான் இரண்டையும் படித்தேன். கடைசியில் கியூட்டியில் தங்கிவிட்டேன். அதனால் இந்த அலசலில் சாய்வு உண்டு.

பட்டன், மெனு, பட்டியல் எல்லாம் இரண்டிலும் இருக்கின்றன. இரண்டும் லினக்ஸிலும் விண்டோஸிலும் ஓடும். தனியாகப் படிப்பவர் பார்க்க வேண்டியது ஒன்றைத்தான்: கைக்குக் கிடைக்கும் மாதிரி, கணினியில் இருக்கும் பதிப்புக்கு ஒத்துவருகிறதா?

ஜிடிகேயில் நான் அடிபட்ட இடம் அதுதான். 2020 டிசம்பரில் ஜிடிகே 4 வந்துவிட்டது. நான் தேடிப்பிடித்த மாதிரிகளோ பெரும்பாலும் 3-க்கு எழுதியவை. ஒரு சின்னப் படிவத்தை எடுத்துப் போட்டேன். பட்டன் போன்றவற்றைப் பெட்டிக்குள் சேர்க்கும் ‘பேக் ஸ்டார்ட்’ இல்லை என்றது கம்பைலர், இப்போது ‘அப்பெண்ட்’. எல்லாவற்றையும் திரையில் காட்டும் ‘ஷோ ஆல்’ இல்லை. 4-இல் விட்ஜெட்டுகள் (பட்டன், பட்டியல் போன்ற திரை உறுப்புகள்) தாமாகவே தெரியும். இதெல்லாம் போகட்டும். ‘டயலாக் ரன்’னும் இல்லை. பயனர் பதில் சொல்லும்வரை அந்த வரியிலேயே காத்திருந்த நிரலை, சிக்னல் (பயனர் ஏதோ செய்தார் என்ற அறிவிப்பு) வந்த பிறகு தொடரும்படி இரண்டாகப் பிரித்து எழுத வேண்டியிருந்தது. தப்பு என்னுடையதா, மாதிரியுடையதா என்று கண்டுபிடிக்கவே ஒரு மாலை போனது.

ஜிடிகே 4-உடன் வரும் டெமோ செயலியைக் குறை சொல்ல மாட்டேன். ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டே அதன் மூல நிரலையும் படிக்கலாம். அதைத் தாண்டி வெளியே போனால்தான் வம்பு.

கியூட்டிக்கான நிரல் எழுதும் கருவியான கியூட்டி கிரியேட்டரில் வரவேற்புப் பக்கத்திலேயே எடுத்துக்காட்டுகள் இருக்கும், நிறுவிய பதிப்புக்கு உரியவை. ஒன்றைச் சொடுக்கினால் புராஜெக்டாகவே திறக்கும். ஒரு வரியை மாற்று, ஓட்டிப் பார். நான் படித்ததே அப்படித்தான். கியூட்டி 4 காலத்து சிக்னல்-ஸ்லாட் (சிக்னல் வந்ததும் ஓடும் நிரல்பகுதிதான் ஸ்லாட்) எழுத்துமுறை 6-இலும் கம்பைல் ஆகிறது. ஆனால் அதில் ஸ்லாட் பெயரைத் தப்பாக அடித்தால் கம்பைலர் வாயே திறக்காது. ஓட்டும்போது டெர்மினலில் ஒரு எச்சரிக்கை வரி வரும், பட்டனை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. கியூட்டி 5-இல் வந்த புது முறையில் எழுதினால் கம்பைலரே பிடித்துவிடும்.

பைதானில் இவ்வளவு சொகுசு இல்லை. கியூட்டியைப் பைதானில் பயன்படுத்த உதவும் பைசைட் 6-இன் ஆவணத்தில் சில துணுக்குகள் சி++-இலிருந்து தானாக மொழிமாற்றப்பட்டவை. பிழை இருக்கலாம் என்று அங்கேயே எச்சரித்திருக்கிறார்கள். கியூஆக்‌ஷன் (மெனுக் கட்டளை போன்றவற்றுக்கானது) வேறு, விட்ஜெட்ஸ் மாட்யூலைவிட்டு ஜியூஐ மாட்யூலுக்குக் குடிபோய்விட்டது.

கியூட்டியில் திரையை விவரித்து எழுதும் தனி மொழியான கியூஎம்எல் பக்கம் நான் அதிகம் போனதில்லை, என் பேச்சு விட்ஜெட்டுகளோடு சரி. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஜிடிகே 3 செயலியைப் பராமரிக்க வந்தவருக்குக் கணக்கு வேறு. நான் திட்டிய அதே மாதிரிகள் அவருக்கு அப்படியே ஓடும்.