வலி கிளினிக்கில் மனநல ஆலோசனை: போகலாமா?

ஃபைப்ரோமயால்ஜியாவோடு (உடல் முழுக்க நாள்பட்ட வலி தரும் நோய்) மல்லுக்கட்டும் பெண்களுக்குத் தாராளமாகச் சொல்வேன், போங்கள். அக்காவுக்குத் துணையாக நான் போன கிளினிக்கில் மருந்துச் சீட்டுக்கு முன்னால் ஒரு தாளை நீட்டினார்கள்: வலியைப் பெரிதாக நினைத்துப் பதறும் எண்ணங்களை அளக்க 1995இல் உருவான 13 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், அதிகபட்சம் 52. வலி தீருமா தீராதா என்று ஓயாமல் கவலைப்படுவது பற்றிய வரிக்கு அக்கா யோசிக்காமல் 4 போட்டாள்.

அப்புறம் ஆலோசகர், எதற்கும் பதறுகிற சுபாவமா, கோபத்தை உள்ளேயே விழுங்குகிற ஆளா என்று கேட்க, "அப்போ வலி என் கற்பனையா?" என்று அக்காவுக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "வலி நிஜம்தான்மா. பதற்றம் கூடினால் நரம்பு மண்டலம் அதை இன்னும் பெரிதாக்கும், அந்தப் பதற்றத்தைத்தான் குறைக்கப் பார்க்கிறோம்" என்றார் நிதானமாக. இந்தப் பதிலுக்கே காசு கொடுக்கலாம். முன்பு போன வேறோர் இடத்தில் 'பொம்பளைங்களுக்கு இதெல்லாம் சகஜம்' என்று அனுப்பிவிட்டார்கள், நினைத்தால் இன்னும் கொதிக்கிறது.

ஒரே குறை, தனியறை இல்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் பேசுவது வரிசையில் இருப்பவர்களுக்குக் கேட்கிறது, மனம்விட்டு அழ வேண்டிய இடத்தில் இது கூடவே கூடாது. மாலையில் கூட்டம் அதிகம், காலையிலேயே போய்விடுங்கள்.