ரிலேயை "டைரக்ட்" பண்ணும் கடைகள்: பழைய ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

சான்சுயி, பயனியர், மராண்ட்ஸ், அகாய், டெக்னிக்ஸ் என்று எழுபது எண்பதுகளின் ஜப்பான் ஆம்ப்ளிஃபயரை இன்னும் வீட்டில் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். திருச்சியில் ஒரு கடையில் எங்கள் செட்டை ரிப்பேருக்குக் கொடுத்தோம். செட்டும் கெட்டு, கூடவே ஒரு ஸ்பீக்கரும் எரிந்ததுதான் மிச்சம். கடையின் பெயரைப் போடப்போவதில்லை, பணத்தில் ஒரு பங்கு திரும்பி வந்து விவகாரம் முடிந்துவிட்டது. ஆனால் அங்கே நடந்தது வேறு ஊர்களிலும் நடக்கிறது என்று பிறகு பலரும் சொன்னார்கள்.

செட் சான்சுயி ஏயூ-317. எழுபதுகளின் கடைசியில் வந்த மாடல், சேனலுக்கு 50 வாட். பெரியப்பா குவைத்திலிருந்து வந்தபோது கொண்டுவந்தது. கோளாறு என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான்: இடது பக்கம் சத்தம் வராது. வால்யூமை நன்றாக ஏற்றினால் சட்டென்று வந்துவிடும். பிறகு குறைத்து வைத்தாலும் கொஞ்ச நேரம் பாடும். மறுநாள் காலையில் மறுபடி அதே கதை.

விஷயம் தெரிந்தவர்களுக்கு இந்த அறிகுறியே போதும். இந்த ஆம்ப்ளிஃபயர்களில் ஸ்பீக்கருக்குப் போகிற வழியில் ஒரு ரிலே, அதாவது கரண்டால் தானே மூடித் திறக்கிற ஸ்விட்ச், இருக்கும். ஸ்விட்ச் போட்டதும் சில விநாடி பொறுத்து "டிக்" என்று கேட்கிறதே, அதுதான். உள்ளே எல்லாம் நிலைக்கு வந்த பிறகுதான் அது ஸ்பீக்கரை இணைக்கும். ஔட்புட்டில் ஸ்பீக்கரை எரிக்கக்கூடிய டிசி வோல்ட்டேஜ் ஏறினால் உடனே துண்டித்துவிடும். நாற்பது வருஷத்தில் அந்த ரிலேயின் கான்டாக்ட் கருத்துப்போகும். சின்ன சிக்னல் அந்தக் கருப்பைத் தாண்டாது, பெரிய சிக்னல் தாண்டிவிடும். அதனால்தான் வால்யூமை ஏற்றினால் பாடுகிறது. அதே வோல்ட்டேஜ் காயிலுடன் புது ரிலே சில நூறு ரூபாய். கூலி தனி.

கடைக்காரர் மேல்மூடியைக் கழற்றினார், டார்ச் அடித்துப் பார்த்தார். மீட்டரைத் தொடவே இல்லை.

"ஔட்புட் ஐசி போயிடுச்சு சார். இப்ப அது வர்றதில்ல. மாத்தி வேற செட்டப் பண்ணணும்."

இந்த மாடலில் ஸ்பீக்கரை ஓட்டுகிற பவர் பகுதியில் ஔட்புட் ஐசி என்ற ஒற்றைச் சிப் கிடையாது, எல்லாம் தனித்தனி டிரான்சிஸ்டர்தான். அதை நான் சொன்னதும், "ஆமா சார், டிரான்சிஸ்டரைத்தான் சொல்றேன்" என்று மாற்றிக்கொண்டார். முதலில் மூவாயிரத்து ஐந்நூறு என்றார். சில வாரம் இழுத்தடித்து, "ஒரிஜினல் ஜப்பான் பார்ட்ஸ் போட்டிருக்கு" என்று ஆறாயிரத்து எண்ணூறு வாங்கினார். பழைய பார்ட்ஸைக் கேட்டேன். "பையன் குப்பையில போட்டுட்டான் சார்."

வீட்டுக்கு வந்து ஸ்விட்ச் போட்டால் இரண்டு பக்கமும் பாடியது, தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் "டிக்" இல்லை. போட்ட நொடியே ஸ்பீக்கரில் "டம்" என்று ஓர் அடி, அப்புறம் பாட்டு. போன் போட்டுக் கேட்டபோது வந்த பதிலைத்தான் தலைப்பில் வைத்திருக்கிறேன்:

"அந்த ரிலேதான் சார் தொல்லை. டைரக்ட் பண்ணிட்டேன். இனிமே கட் ஆகவே ஆகாது."

பிரிட்ஜிலும் மோட்டரிலும் மெக்கானிக்குகள் சகஜமாகச் சொல்லுகிற சொல்தான் இது. ஆம்ப்ளிஃபயரில் அதற்கு அர்த்தம், ரிலேயைத் தாண்டி ஒயரை நேராக இணைத்து, ஸ்பீக்கருக்கு இருந்த முக்கியமான காவலைத் தூக்கிவிட்டார்கள் என்பது. திருப்பி எடுத்து வருகிறேன், ரிலேயைப் போட்டுக் கொடுங்கள் என்றேன். இந்த வாரம் வேலை அதிகம், அடுத்த வாரம் வாருங்கள் என்றார். அந்த அடுத்த வாரத்துக்குள் ஒரு சாயங்காலம் இடது ஸ்பீக்கரில் "ங்ங்" என்று உறுமல் எழுந்தது. ஊஃபர் கோன் முன்னால் தள்ளி அப்படியே நின்றது. ஓடிப்போய் ஸ்விட்சை அணைப்பதற்குள் கருகல் வாசனை வந்துவிட்டது.

என் மச்சான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் லேபில் இருக்கிறார். அவர் திறந்து பார்த்ததில் வெளிவந்தது இதெல்லாம்.

ரிலேயின் கால்களுக்கு நடுவே, போர்டின் அடிப்பக்கம், ஒரு ஒயரை வைத்துப் பற்றவைத்திருந்தார்கள். ரிலே பழையதேதான், அதைக் கழற்றக்கூட இல்லை. ஃபியூஸ் கண்ணாடிக் குழாயின் மேல் செம்புக் கம்பி இழையைச் சுற்றியிருந்தார்கள். ஒரிஜினல் ஔட்புட் டிரான்சிஸ்டர்களை இடம், வலம் இரண்டு சேனலிலும் கழற்றி எடுத்துவிட்டிருந்தார்கள். வலது பக்கம் ஒரு குறையும் இல்லாமல் பாடிக்கொண்டிருந்தது, அதையும் ஏன் கழற்றினார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பழைய ஜப்பான் டிரான்சிஸ்டர்களுக்கு இன்று தனி விலை இருக்கிறது. அவை குப்பைக்குப் போயிருக்கும் என்று நான் நம்பவில்லை. நிரூபிக்கவும் வழியில்லை.

அந்த இடத்தில் சி5200, ஏ1943 என்ற பவர் டிரான்சிஸ்டர் ஜோடியை ஒயர் இழுத்துப் பொருத்தியிருந்தார்கள். மேலே தோஷிபா என்று அச்சு. நிஜமான சி5200 என்றால் 15 ஆம்பியர், 150 வாட் தாங்கும் சரக்கு. அதை முறையாகப் போட்டு, பயஸையும் (பாட்டு இல்லாதபோதும் டிரான்சிஸ்டரில் ஓடுகிற சின்ன கரண்ட்) சரிசெய்து கொடுத்திருந்தால் நான் இதை எழுதியே இருக்க மாட்டேன். மச்சான் பஞ்சில் தின்னர் தொட்டுத் துடைத்தார், எழுத்து கையோடு வந்துவிட்டது. ஷார்ட் ஆனதை வைஸில் வைத்து உடைத்தார். உள்ளே சிலிக்கான் துண்டு மிளகளவு. உலகம் முழுக்க அதிகம் போலி செய்யப்படுகிற டிரான்சிஸ்டர்களில் இந்த ஜோடியும் ஒன்று. பயஸ் திருகை யாரும் தொட்டதாகத் தெரியவில்லை. சூட்டை இழுக்கிற ஹீட்சிங்க் தகட்டில் வெள்ளை பேஸ்ட்டும் பெயருக்குத்தான் இருந்தது.

நடந்தது என்னவென்றால், போலி டிரான்சிஸ்டர் சூடாகி ஷார்ட் ஆனது. சப்ளையில் இருந்த 35 வோல்ட்டுக்கு மேற்பட்ட டிசி நேராக ஔட்புட்டுக்கு வந்தது. ரிலே இருந்திருந்தால் அங்கேயே வெட்டியிருக்கும். அதைத் தாண்டினாலும் ஃபியூஸ் போயிருக்கும். இரண்டையும் கட்டிப்போட்டாயிற்று. எட்டு ஓம் ஸ்பீக்கரின் காயிலை மீட்டரில் பார்த்தால் ஆறு ஓம் அளவுக்குத்தான் காட்டும். 35 வோல்ட்டை ஆறு ஓம் மேல் வைத்தால் ஏறக்குறைய ஆறு ஆம்பியர், இருநூறு வாட் சூடு. மெல்லிய கம்பியில் சுற்றிய காயில் அதை எத்தனை விநாடி தாங்கும்?

கடையில் போய்க் கேட்டதற்கு, "நாப்பது வருஷத்து மிஷின் சார், இதுக்கு என்ன கேரண்டி குடுக்க முடியும்? உங்க ஸ்பீக்கர் வீக்" என்றார்கள். செம்புக் கம்பி சுற்றிய ஃபியூஸை மேஜையில் வைத்ததும் குரல் கொஞ்சம் இறங்கியது. கையில் துண்டுச்சீட்டும் ஜிபே ரசீதும் இருந்தன. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இது சேவைக் குறைபாடு. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம், ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது. இதையெல்லாம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பிய பிறகு மூவாயிரம் திரும்பி வந்தது. ஸ்பீக்கருக்கு ஒரு பைசா தரவில்லை. இன்னும் இழுத்திருக்கலாம்தான், பெரியப்பா "விடுடா" என்று சொல்லிவிட்டார். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் கேட்டாலும் வழி சொல்கிறார்கள்.

இனி கடைக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு. போகும் முன் வீட்டிலேயே ஸ்பீக்கர் ஒயரை இடம் வலமாக மாற்றிப் பாருங்கள், இன்புட் ஒயரையும் அப்படியே. குறை ஸ்பீக்கரோடு போகிறதா, செட்டோடு நிற்கிறதா என்று தெரிந்துவிடும். டேப் டெக்கிலிருந்து கேட்பதற்கான டேப் மானிட்டர் பொத்தான் அமுங்கியிருந்தாலே சத்தம் வராது, அதற்கே "போர்டு போச்சு" என்று ஆயிரம் வாங்கிய கதை உண்டு. ஸ்விட்சுகளையும் வால்யூமையும் கரண்ட் இல்லாதபோது பலமுறை திருகிப் பாருங்கள். சாதாரண டபிள்யூடி-40 அடிக்காதீர்கள், கான்டாக்ட் கிளீனர் என்று கேட்டு வாங்குங்கள்.

மூடியைத் திறந்து உள்ளே நாலு கோணத்தில் படம் எடுத்து வையுங்கள். பிளக்கைப் பிடுங்கி வைத்த பிறகும் பெரிய கண்டன்சர்களில் சார்ஜ் நிற்கும், உள்ளே கை விடாதீர்கள். படத்தைக் கடைக்காரருக்குக் காட்டிவிட்டே கொடுங்கள், அவர் கோபித்துக்கொண்டால் வேறு கடை பாருங்கள். மாற்றுகிற ஒவ்வொரு பார்ட்டும் திரும்பக் கைக்கு வர வேண்டும் என்று சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். நல்ல மெக்கானிக் யாரும் இதற்கு முகம் சுளிப்பதில்லை. அவர்கள் முதலில் கையில் எடுப்பது மீட்டரை. ஷார்ட் ஆன செட் என்றால் நேராகப் பிளக்கில் சொருகவும் மாட்டார்கள், கரண்ட் வருகிற வழியில் ஒரு குண்டு பல்பை வைத்து, அந்த சீரிஸ் பல்பு வழியாகத்தான் கொடுப்பார்கள். பல்பு ஒரு தரம் பளிச்சிட்டு மங்கினால் சரி, முழுசாக எரிந்துகொண்டே இருந்தால் ஷார்ட் இன்னும் உள்ளே இருக்கிறது.

திரும்பி வந்ததும் நல்ல ஸ்பீக்கரை மாட்டாதீர்கள். ஸ்பீக்கர் இல்லாமல் ஸ்விட்ச் போட்டு, "டிக்" கேட்கிறதா என்று காதைக் கொடுங்கள். அதன்பின் மல்டிமீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்து ஸ்பீக்கர் டெர்மினல்களில் பிடியுங்கள். ஐம்பது மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் பயமில்லை. வோல்ட் கணக்கில் காட்டினால் அப்போதே அணைத்து, வந்த வழியே கொண்டுபோய்க் கொடுங்கள். இந்தச் சோதனைக்கு வேண்டியது இருநூறு ரூபாய் மீட்டர்தான்.

இப்போது செட்டில் புது ரிலே இருக்கிறது, சரியான ஃபியூஸ் இருக்கிறது, அங்கீகாரம் பெற்ற விநியோகஸ்தரிடம் வாங்கிய டிரான்சிஸ்டர்கள் இருக்கின்றன. ஸ்பீக்கர் டெர்மினலில் பார்க்கிற அந்த டிசி, அதாவது ஆஃப்செட், இருபது மில்லிவோல்ட்டுக்குக் கீழே. ஊஃபருக்குக் காயில் கட்டிக் கொடுத்தார்கள், பழைய கனம் இல்லை, பரவாயில்லை. ஏயூ-317-இன் ஒரிஜினல் ஔட்புட் டிரான்சிஸ்டர்கள், கெட்டுப்போன செட்டிலிருந்து கழற்றியவையாக இருந்தாலும், யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். நேரில் வந்து மீட்டரில் பார்த்துத்தான் வாங்குவேன். விலையைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.