வாடகை ஜெராக்ஸ் மெஷினில் 'பாஸ்வேர்டு என்கிரிப்ஷன்' என்று பணம் கேட்டால் கவனம்

வக்கீல், ஆடிட்டர் அலுவலகம் வைத்திருப்பவர்கள் இதை அவசியம் படியுங்கள்.

எங்கள் ஆடிட்டர் அலுவலகத்துக்கு நெட்வொர்க்கில் இணைக்கும் கலர் மெஷின் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். கிளையன்ட்டுகளின் பான் கார்டு, ஃபார்ம் 16, பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் அதில்தான் ஸ்கேன் ஆகும். அதில் போடும் பாஸ்வேர்டுகளை என்கிரிப்ட் செய்து தர, அதாவது சாவி இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி மாற்றித் தர, தனிக் கட்டணம் என்றார்கள் வாடகைக்குக் கொடுத்தவர்கள், கொடுத்தோம். "எல்லாம் போட்டாச்சு சார், இனிமே கவலையே வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனார் வந்தவர்.

எதுவுமே போடவில்லை. எங்கள் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் தம்பி நெட்வொர்க்கில் போகும் டேட்டாவைக் காட்டும் வயர்ஷார்க் என்ற மென்பொருளை வைத்துச் சோதித்தபோதுதான் தெரிந்தது. மெஷினின் எஸ்எம்டிபி (மெயில் அனுப்பும் முறை) செட்டிங்கில், போகும் வழியில் டேட்டாவை என்கிரிப்ட் செய்யும் டிஎல்எஸ் ஆஃப். ஸ்கேனை மெயிலில் அனுப்பும்போதெல்லாம் அலுவலக மெயிலின் பாஸ்வேர்டு வெறும் பேஸ்64-இல் போயிருக்கிறது. பார்க்கப் புரியாத எழுத்துகள்போல இருக்கும், ஆனால் அது என்கிரிப்ஷனே இல்லை. சாவி எதுவும் தேவையில்லை, யாரும் நொடியில் மாற்றிப் படித்துவிடலாம்.

அடுத்தது லாக்டு பிரிண்ட், அதாவது மெஷினில் பாஸ்வேர்டு அடித்தால்தான் வெளியே வரும் பிரிண்ட். கம்ப்யூட்டரிலிருந்து அதை அனுப்பும்போது நாம் அடிக்கும் பாஸ்வேர்டைக் காப்பது டிரைவர் என்கிரிப்ஷன் கீ என்ற ரகசியச் சொல். அதை மெஷினில் போட்டு, அதே கீயை ஒவ்வொரு கம்ப்யூட்டரின் பிரிண்டர் டிரைவரிலும் போட வேண்டும். எங்கள் கம்ப்யூட்டர் ஒன்றைக்கூட அவர் தொடவில்லை. மெஷினிலும் அந்த இடம் காலி.

இதைவிட ஆத்திரம் வந்தது அட்மின் பாஸ்வேர்டைப் பார்த்துத்தான். மெஷினோடு வந்த பாஸ்வேர்டை மாற்றவே இல்லை. மாடல் பெயர் போட்டுத் தேடினாலே அது கிடைக்கும். அதை வைத்து உள்ளே நுழைபவர் மெயில் சர்வர் முகவரியைத் தன் கம்ப்யூட்டருக்கு மாற்றி 'டெஸ்ட்' கொடுத்தால், பல மெஷின்கள் சேமித்த பாஸ்வேர்டை அவருக்கே அனுப்பிவிடும். பாஸ்-பேக் தாக்குதல் என்பது இதுதான்.

போன் செய்து கேட்டால், "ஆபீஸ் நெட்வொர்க்தானே சார், வெளியாள் எப்படி வருவான்?" என்கிறார்கள். எங்கள் வைஃபையில் கிளையன்ட்டுகளும் இணைகிறார்கள். பணம் இன்னும் திரும்பவில்லை.

மெஷின் போட ஆள் வந்தால், பிரவுசரில் அதன் ஐபி முகவரியை அடித்து, எச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான இணைப்பில் திறக்கிறதா, டிஎல்எஸ் ஆன் ஆகியிருக்கிறதா என்று அவரையே காட்டச் சொல்லுங்கள். அட்மின் பாஸ்வேர்டை உங்கள் கையால் மாற்றுங்கள். ஸ்கேன் ஃபோல்டருக்கு முதலாளியின் விண்டோஸ் லாகினைக் கொடுக்க விடாதீர்கள், அந்த ஃபோல்டருக்கு மட்டும் உரிமையுள்ள தனிக் கணக்கு போதும். எங்களைப் போல ஏற்கெனவே மாட்டியிருந்தால், டிஎல்எஸ் ஆன் செய்த கையோடு மெயில் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள். சர்வீஸ் ரிப்போர்ட்டில் கையெழுத்து அதற்குப் பிறகுதான்.