தன்பாலினத் திருமணம்: மக்கள் வாக்கெடுப்பா, நீதிமன்றமா?

இந்த உரிமையை எந்த வழியில் கேட்பது என்று தடுமாறுபவர்களுக்காக எழுதுகிறேன்.

வேகம்
நீதிமன்றம்: 2015 ஜூன் 26, அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகள் ஆதரவு, நான்கு பேர் எதிர்ப்பு என்ற ஒரே தீர்ப்பு. அமெரிக்கா முழுக்க உரிமை வந்தது.
வாக்கெடுப்பு: வீடு வீடாகப் போய்ப் பேச வேண்டும்.

செலவு
நீதிமன்றம்: வழக்கின் சுமை சிலர் தோளில் மட்டும்.
வாக்கெடுப்பு: ஆஸ்திரேலியாவின் 2017 அஞ்சல் கருத்தறிதலுக்குச் சுமார் 8 கோடி ஆஸ்திரேலிய டாலர் ஆனது. தங்கள் காதலை நாடே விவாதிப்பதை வாரக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தவர்களின் வலி அதைவிடப் பெரியது. 61.6% பேர் ஆம் என்றது பெரிய ஆறுதல்தான், ஆனால் அந்த வலி இல்லையென்று ஆகிவிடாது.

நிலைப்பு
வாக்கெடுப்பு: அயர்லாந்தில் 2015 மே மாதம் 62% ஆதரவோடு அரசியலமைப்பிலேயே ஏறியது. இன்னொரு வாக்கெடுப்பு இல்லாமல் நீக்க முடியாது.
நீதிமன்றம்: நீதிபதிகள் மாறினால் பயம் வருகிறது. அமெரிக்க நாடாளுமன்றம் 2022இல் தனிச் சட்டம் போட்டதே அதனால்தான்.

சரி, எது யாருக்கு? மக்கள் மனம் ஏற்கெனவே கனிந்த நாட்டுக்கு வாக்கெடுப்பு. பெரும்பான்மை எதிராக நிற்கும் இடத்தில் நீதிமன்றம்தான் என்பேன். ஸ்லோவேனியாவில் 2015 வாக்கெடுப்பு கைவிட்ட உரிமையை, 2022இல் அரசியலமைப்பு நீதிமன்றம்தான் தந்தது.