கெட்டிமேளம் நாலு விநாடி பிந்தியது: ஹேண்ட்பிரேக் பற்றி ஒரு கல்யாண வீடியோக்காரர்

மன்னார்குடியில் கல்யாண வீடியோ எடுத்து எடிட் செய்வது என் தொழில். பதினோரு வருடமாகிறது. காசு கொடுத்து வாங்கிய சாஃப்ட்வேர் எத்தனையோ என் கம்ப்யூட்டரில் இருக்க, வீடியோ ஃபைலை வேறு அமைப்புக்கு மாற்றி எழுதும், இலவசமாகக் கிடைக்கும் ஹேண்ட்பிரேக் என்ற சாஃப்ட்வேரைப் பற்றி எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், போன தை மாதத்து முகூர்த்தம் ஒன்று.

தாலி கட்டும் நேரத்தில் அட்சதை போட எழுந்த கூட்டம் என் மெயின் கேமராவை மறைத்துவிட்டது. இரண்டாவது கேமராவில் மாப்பிள்ளையின் முதுகுதான் கிடைத்தது. மணமேடை ஓரமாக நின்ற பெண்ணின் தம்பி மட்டும் செல்போனில் 38 நிமிடம் விடாமல் எடுத்திருந்தார். பெண்ணின் முகம், முதல் முடிச்சு, நாத்தனார் போட்ட முடிச்சு எல்லாம் அதில் தெளிவாக இருந்தன. "அண்ணே, இது உங்களுக்கு ஆகுமான்னு பாருங்க" என்று பென்டிரைவில் கொண்டுவந்து கொடுத்தார். கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

எடிட்டிங்கில் கிளிப்புகளை அடுக்கும் என் டைம்லைன் விநாடிக்கு 25 ஃப்ரேம், அதாவது 25 படம். நாதஸ்வரம், தவிலுக்கு ரெக்கார்டரில் தனியாக ஆடியோ எடுத்திருந்தேன். செல்போன் கிளிப்பை இம்போர்ட் செய்து, முதல் தவில் அடியை வைத்து இரண்டையும் ஒட்டினேன். மாலை மாற்றல் வரை கச்சிதம். 31-வது நிமிடம், தாலி. படத்தில் முடிச்சு விழுகிறது, தவில்காரர் கையிலிருந்த குச்சி பறக்கிறது; காதில் கேட்பதோ நிதானமான நாதஸ்வரம். ஏறக்குறைய நாலு விநாடி கழித்துத்தான் கெட்டிமேளம். செல்போனில் பதிவான சத்தமும் ரெக்கார்டர் சத்தமும் கடைசி வரை ஒன்றாகவே போயின. படம் மட்டும் முந்தி ஓடியிருந்தது.

நான் முதலில் செய்தது, எல்லோரும் செய்வதுதான். கிளிப்பின் வேகத்தை 99.8 சதவீதமாகக் குறைத்தேன். தொடக்கமும் முடிவும் சரியாக உட்கார்ந்தன, நடுவில் ஒட்டவில்லை. பிறகு கிளிப்பைத் துண்டு துண்டாக வெட்டித் தள்ளிவைத்தேன். இரண்டு ராத்திரி போனது. பெண்ணின் அப்பா பார்க்க வந்தபோதும் வேலை முழுதாகச் சரியாகவில்லை. அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "தம்பி, முடிச்சு விழுந்தப்புறம்தான் மேளம் ஏறுது. அப்படியா நடந்துச்சு?"

அன்று ராத்திரிதான் மீடியாஇன்ஃபோவில் அந்தக் கிளிப்பைத் திறந்தேன். இதுவும் இலவசம்தான், வீடியோவைத் தொடாமல், அதன் விவரத்தை மட்டும் காட்டும். 'ஃப்ரேம் ரேட் மோட்' என்ற வரியில் 'வேரியபிள்', அதாவது மாறிக்கொண்டே இருப்பது, என்று இருந்தது. சராசரி 29.94. அதற்குக் கீழே குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று இரண்டு எண்கள். விஷயம் அங்கேயே தெரிந்துவிட்டது.

பல செல்போன்கள் விநாடிக்கு இத்தனை ஃப்ரேம் என்று ஒரே சீராக எடுப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டு எண்ணிக்கையைக் குறைக்கும். மண்டபத்தில் நம் பையன் வீடியோ லைட்டை மேடைப் பக்கம் திருப்பினால் 30, சமையல்கட்டுப் பக்கம் திருப்பினால் அதற்குக் கீழே. எந்த ஃப்ரேம் எந்த நேரத்தில் வர வேண்டும் என்பது ஃபைலுக்குள்ளேயே எழுதப்பட்டிருப்பதால், செல்போனில் போட்டுப் பார்த்தால் தப்பே தெரியாது. எடிட்டிங் சாஃப்ட்வேர் அந்த நேரக் குறிப்பை மதிக்காமல் எல்லாவற்றையும் 30 என்று எண்ணி அடுக்கினால் படம் முந்திவிடும். முந்தும் அளவும் இடத்துக்கு இடம் மாறும். அதனால்தான் ஒரே சதவீதத்தில் இழுத்த என் வைத்தியம் பலிக்கவில்லை.

ஹேண்ட்பிரேக் இங்கே செய்வது ஒரே வேலை. நேரக் குறிப்பைப் படித்து, குறைகிற இடத்தில் ஒரு ஃப்ரேமை இரட்டிப்பாக்கி, மிஞ்சுகிற இடத்தில் ஒன்றைக் கழித்து, மொத்த நீளம் மாறாமல் சீரான ஃபைலாக எழுதிக் கொடுக்கிறது. 2003-ல் டிவிடியை மாற்றும் கருவியாகத் தொடங்கியது, 1.0 பதிப்பு 2016 டிசம்பரில்தான் வந்தது. பதின்மூன்று வருடம் பொறுமையாக வளர்த்து, இன்றைக்கும் காசு கேட்காமல் கொடுக்கிறார்கள்.

ஆனால் ஃபைலைப் போட்டு அப்படியே ஸ்டார்ட் அமுக்கினால் பலன் இல்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் முதல் தடவை நான் அப்படித்தான் செய்தேன். தானாக வந்து நிற்கும் 'ஃபாஸ்ட் 1080பி30' அமைப்பில் 'பீக் ஃப்ரேம்ரேட்' தேர்வாகியிருக்கும். அதில் வெளிவருவதும் வேரியபிள்தான். வீடியோ டேபுக்குப் போய் 'கான்ஸ்டன்ட் ஃப்ரேம்ரேட்' என்பதைத் தேர்ந்தெடுத்து, எண்ணையும் 30 என்று நீங்களே கொடுங்கள். தரத்துக்கு உள்ள ஆர்எஃப் எண்ணை 22-லிருந்து 16-க்கு இறக்கினேன். எண் குறையக் குறையத் தரம் கூடும், ஃபைலும் பெருக்கும். ஆடியோ டேபில் 'ஏஏசி பாஸ்த்ரூ' கொடுத்தால் சத்தத்தைத் தொடாமல் அப்படியே வைக்கும். நாதஸ்வரத்தை இன்னொரு தடவை கசக்குவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

ஐ5, 16 ஜிபி ராம் உள்ள என் கம்ப்யூட்டரில் 38 நிமிடக் கிளிப் 22 நிமிடத்தில் முடிந்தது. 4.8 ஜிபி ஃபைல் 6 ஜிபியை நெருங்கியது. புதிய ஃபைலை டைம்லைனில் போட்டு, அதே முதல் தவில் அடியில் ஒட்டி, நேராக 31-வது நிமிடத்துக்குப் போனேன். குச்சி தோலில் படுகிறது, அதே ஃப்ரேமில் சத்தத்தின் அலைக்கோடு எழும்புகிறது. கடைசி நிமிடம் வரை ஓட்டிப் பார்த்தேன், எங்கும் நழுவவில்லை. இரண்டு ராத்திரி வெட்டிச் சேர்த்ததை எல்லாம் அழித்துவிட்டேன்.

குறை உண்டு. மறுபடி என்கோட் செய்வதால், அதாவது சுருக்கி எழுதுவதால், தரம் கொஞ்சமாவது இறங்கும், ஒரிஜினலை அழித்துவிடாதீர்கள். புரோரெஸ், டிஎன்எக்ஸ்எச்ஆர் போன்ற எடிட்டிங் வடிவங்களில் ஹேண்ட்பிரேக்கின் பழைய பதிப்புகள் எழுதாது. கலர் கிரேடிங், அதாவது நிறத் திருத்தம், அதிகம் செய்கிறவர்களுக்கு அந்த வடிவங்கள் தேவைப்படும். அவர்கள் ஷட்டர் என்கோடரைப் பார்க்கலாம், அதுவும் இலவசம். இன்னொன்று, 30 ஃப்ரேம் கிளிப்பை 25 டைம்லைனில் போட்டால் விநாடிக்கு ஐந்து ஃப்ரேம் போய்விடும். மேடையில் நின்று எடுத்ததில் கண்ணுக்குத் தெரியவில்லை. மாப்பிள்ளை அழைப்பில் காரோடு நகர்ந்து எடுத்த இடத்தில் லேசான வெட்டல் தெரிந்தது. அதற்கு எடுக்கும்போதே 25-ல் எடுப்பதுதான் வழி. ஐபோனில் கேமரா அமைப்புக்குள் 'ஷோ பால் ஃபார்மட்ஸ்' என்று இருக்கிறது; அதைப் போட்டால் 25 தெரியும்.

வேகம் மாறும் எல்லாக் கிளிப்புக்கும் இது மருந்து அல்ல. 100 ஃப்ரேமில் எடுத்தது 25-ல் கால் பங்கு வேகத்தில் ஓடினால், அது ஸ்லோமோஷனுக்காக அப்படி மாற்றி வைத்தது. கேமராவில் சீராக எடுத்த கிளிப் முழுதுமே மெதுவாகவோ வேகமாகவோ ஓடினால், சாஃப்ட்வேர் அதன் ஃப்ரேம் எண்ணைத் தவறாக எடுத்திருக்கிறது என்று அர்த்தம். எடிட்டிங் சாஃப்ட்வேர்களில் டாவின்சி ரிசால்வ் என்றால் 'கிளிப் ஆட்ரிபியூட்ஸ்', பிரீமியர் என்றால் 'இன்டர்பிரட் ஃபுட்டேஜ்'. அங்கே எண்ணைத் திருத்தினால் போதும், மாற்றி எழுத வேண்டியதில்லை. ரிசால்வில் புது புராஜெக்ட் தொடங்கும்போது, கிளிப் எதையும் உள்ளே இழுப்பதற்கு முன்பே டைம்லைன் 25-ஆ என்று பார்த்துவிடுங்கள். இழுத்த பிறகு அந்த டைம்லைனின் எண்ணை மாற்ற விடாது.

டவுன்லோட் செய்வது ஹேண்ட்பிரேக் டாட் எஃப்ஆர் தளத்தில் மட்டும். 2017 மே மாதத்தில் அவர்களுடைய டவுன்லோட் சர்வர் ஒன்றில் புகுந்து மேக் பதிப்புக்குப் பதில் வைரஸ் கலந்ததை வைத்துவிட்டார்கள். அவர்களே அதை வெளிப்படையாக அறிவித்தார்கள். சரிபார்ப்பு எண்ணைத் தளத்திலேயே கொடுத்திருக்கிறார்கள், டவுன்லோட் செய்த ஃபைலின் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இப்போது என் அமைப்பை 'கல்யாணம் 30' என்ற பெயரில் அதிலேயே சேமித்து வைத்திருக்கிறேன். உறவுக்காரர்களிடம் வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்ப வேண்டாம், சுருங்கிவிடும், பென்டிரைவில் கொடுங்கள் என்று முகூர்த்தத்தன்றே சொல்லிவிடுகிறோம். வந்ததை எல்லாம் பையன் முதலில் மீடியாஇன்ஃபோவில் திறப்பான். 'வேரியபிள்' என்று இருப்பதை மட்டும் க்யூவில் வரிசையாகப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போவோம். அந்தப் பெண்ணின் அப்பா மறுபடி வந்து தாலி கட்டும் இடத்தை மூன்று முறை போடச் சொன்னார். மூன்றாவது முறை திரையைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு மேளத்தை மட்டும் கேட்டார்.